ஆற்றைத் தாண்டிய துணி: பான் வினாய் முகாமும் மோங் மக்களின் கதைத்துணிகளும்

கட்டில் விரிப்பு அளவில் ஒரு துணி. வெளிர்நீலப் பின்னணி, சுற்றிலும் சின்னச் சின்ன முக்கோணங்கள் வைத்துத் தைத்த கரை. ஓவியம் பார்ப்பதுபோல நடுவில் கண்ணை வைத்தால் ஒன்றும் பிடிபடாது. புத்தகம் படிப்பதுபோல இடது மேல் மூலையில் தொடங்க வேண்டும்.

அங்கே மலைச்சரிவில் புல் வேய்ந்த வீடுகள். ஒரு பெண் முதுகுக்கூடையில் சோளக்கதிரோடு இறங்கி வருகிறாள். இன்னொருத்தி கோழிகளுக்குத் தீனி போடுகிறாள். ஒருவர் நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையைக் காலால் மிதிக்க, மறுமுனையில் இருக்கும் உலக்கை உரலில் விழுந்து நெல் குத்துகிறது. கொஞ்சம் தள்ளிப் புத்தாண்டு விழா. பையன்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று துணிப்பந்தை வீசிப் பிடிக்கிறார்கள். அப்புறம், இடைவெளியே இல்லாமல், விமானங்கள் வருகின்றன. துப்பாக்கி ஏந்தியவர்கள். எரியும் கூரைகள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் நடக்கிற குடும்பங்கள். துணியின் குறுக்கே ஒரு நீலப்பட்டை ஓடுகிறது. அதுதான் மேகோங் ஆறு. மூங்கில் கட்டுகளையும் டயர் டியூப்களையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் நீந்துகிறார்கள். அக்கரையில் சீருடைக்காரர்கள், நீளக் கொட்டகைகள், ஒரு பேருந்து. கடைசி மூலையில் ஒரு பெரிய விமானம். இது குண்டு போட வந்தது அல்ல, ஏற்றிக்கொண்டு போக வந்தது.

குறிப்பிட்ட ஒரு துணியை நான் வர்ணிக்கவில்லை. இப்படி அமைந்த துணிகள் ஏராளம். 1970களின் பிற்பகுதியிலிருந்து தாய்லாந்தின் அகதி முகாம்களில் லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் மக்கள் இவற்றைத் தைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் ‘மோங் மரபுக் கலை’ என்ற பலகையின் கீழ் இவை தொங்குகின்றன. அந்தப் பலகை பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்த ஆய்வு.

எங்கிருந்து வந்தார்கள்

மோங் மக்கள் தெற்குச் சீனாவின் மலைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் லாவோஸ், வியட்நாம் மலைகளுக்கு இறங்கியவர்கள். காட்டை வெட்டி எரித்து, நெல்லும் சோளமும் பயிரிட்டு, மண் களைத்ததும் வேறிடம் போவது அவர்களின் வேளாண்மை. 1961 முதல் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அவர்களில் பல்லாயிரம் பேரைக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான படையாகத் திரட்டியது. தளபதி வாங் பாவ், தலைமையிடம் லோங் சேங் பள்ளத்தாக்கு. 1962இல் ஜெனீவாவில் லாவோஸ் நடுநிலை நாடு என்று கையெழுத்தாகிவிட்டதால் இந்தப் போரை வெளியில் சொல்ல முடியாது. அதனால்தான் இதற்கு ‘ரகசியப் போர்’ என்று பெயர். 1964க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்க விமானங்கள் லாவோஸ்மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அடியில் இருந்தவர்களுக்கு அதில் ரகசியம் எதுவும் இருந்திருக்காது.

கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியதும், 1975 மே 14ஆம் தேதி வாங் பாவை லோங் சேங்கிலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடப் போக இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். ஓடுதளத்தில் விடப்பட்டவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். பின்வந்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மோங் மக்கள் மேகோங்கைத் தாண்டித் தாய்லாந்துக்குள் வந்தார்கள். மலையில் பிறந்தவர்கள். பலருக்கு நீச்சல் தெரியாது.

வந்தவர்களுக்கான முகாம்களில் பெரியது லோய் மாகாணத்தில் 1975இல் தொடங்கிய பான் வினாய். ‘பான்’ என்றால் தாய் மொழியில் ஊர். ‘வினாய்’ என்றால் ஒழுங்கு, கட்டுப்பாடு. நம் ‘விநயம்’ வந்த அதே வேரிலிருந்து வந்த சொல். 1980களின் நடுவில் அங்கே 40,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உழ நிலம் கிடையாது. அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. அரிசியும் தண்ணீரும் ரேஷனில் வந்தன. மிச்சமாகக் கையில் இருந்தது நேரம்.

பூத்துணி

கதைத்துணிக்கு முன்னால் இருந்தது பூத்துணி. மோங் மொழியில் ‘பாண்டாவ்’. ‘பா’ என்றால் பூ, ‘ண்டாவ்’ என்றால் துணி. (ரோமன் எழுத்தில் இதைப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்து அதில் ஒலிப்பதற்காக அல்ல; குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவதற்காக.)

பூத்துணியில் ஆளோ மாடோ வீடோ இருக்காது. எல்லாம் வடிவங்கள். நத்தை ஓட்டுச் சுருள், யானைக் கால், வெள்ளரி விதை. பச்சை மோங் என்ற பிரிவினர் சணல் வகை நாரில் நெய்த துணியில், உருக்கிய தேன்மெழுகால் கோடு இழுத்து அவுரியில் தோய்ப்பார்கள். வெள்ளை மோங் பிரிவினரின் கைத்திறம் வேறு. நம்மூர்த் தேர்த் தொம்பையில் துணியின்மேல் வேறு நிறத் துணியை வெட்டி வைத்துத் தைப்பார்கள் அல்லவா, இது அதற்கு நேர் எதிர். இரண்டு துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேல் துணியைக் கத்தரித்து, வெட்டிய ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடித்துக்கொண்டே தைப்பார்கள். அடித்துணியின் நிறம் கோடாக மேலே தெரியும். மடிப்பு மயிரளவு. தையல் கண்ணுக்குத் தெரிந்தால் அது நல்ல வேலை இல்லை.

இந்தத் துணி பாவாடையாகும், கழுத்துப்பட்டையாகும், குழந்தையை முதுகில் கட்டும் துணியாகும். செத்தவருக்கும் இதைத்தான் உடுத்துவார்கள், மேலே இருக்கும் முன்னோர் ஆளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே. ஒரு பெண் மருமகளாகப் போகுமுன் அவள் ஊசியைப் பார்த்துத்தான் அவளை எடைபோட்டார்கள்.

இன்னொரு கதையும் அவர்களிடம் உண்டு. முன்னொரு காலத்தில் மோங் மக்களுக்கு எழுத்து இருந்ததாம். சீனர்கள் அதைத் தடைசெய்தபோது பெண்கள் எழுத்துகளைப் பாவாடைப் பூவேலைக்குள் ஒளித்து வைத்தார்களாம். பிறகு படிக்கத்தான் யாருக்கும் மறந்துபோயிற்று. வரலாறாக இதை நிரூபிக்க முடியாது. ஆனால் துணியில் ஏதோ எழுதியிருக்கிறது என்ற நினைப்பு முகாமுக்கு முன்பே அவர்களிடம் இருந்தது என்பதற்கு இந்தக் கதையே போதும். ரோமன் எழுத்து முறை அவர்களுக்கு வந்ததே 1950களின் தொடக்கத்தில்தான், கிறித்தவப் பாதிரியார்கள் வழியாக.

முகாமில் நடந்தது

முகாமில் உதவி நிறுவனங்களும் மிஷன்களும் கைவினைப் பொருள்களை வாங்கி வெளிநாட்டில் விற்க ஏற்பாடு செய்தன. முதலில் விற்றது பூத்துணிதான். வடிவங்கள் மட்டும் உள்ள துணி ஓரளவுக்கு மேல் ஓடவில்லை. மனித உருவங்கள் வந்ததும் நிலைமை மாறியது.

உருவங்கள் எங்கிருந்து வந்தன என்பது சுவையான விஷயம். முகாமில் புழங்கிய பள்ளிப் பாடநூல்களிலும் படக்கதைகளிலும் இருந்த கோட்டோவியங்களைப் பார்த்து, கொஞ்சம் படித்த ஆண்கள் பேனாவால் துணியில் வரைந்தார்கள். பெண்கள் அந்தக் கோட்டுக்குள் நூலை நிரப்பினார்கள். ஊசி அதுவரை பெண்கள் கைக்குரியது. உழவும் வேட்டையும் போன ஆண்கள் கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வரைவது அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுத்தது. சிலர் ஊசியையும் எடுத்தார்கள். ஆக, ‘பெண்கள் காலங்காலமாகக் காத்த கலை’ என்று இதைச் சொல்வது பூத்துணிக்குப் பொருந்தும், கதைத்துணிக்கு முழுதாகப் பொருந்தாது. இது ஆணும் பெண்ணும் சேர்ந்து, ஒரு முகாமில், விற்பதற்காகக் கண்டுபிடித்த வடிவம்.

வரைகிறவர் ஒருவர், தைக்கிறவர்கள் பலர். ஒரே வரைபடம் பல வீடுகளுக்குப் போகும். இந்த வீட்டில் மாடு கறுப்பாகும், அந்த வீட்டில் பழுப்பாகும். உருவங்களின் உடல் நெருக்கமான நீளத் தையலால் நிரம்பும், முகத்துக்கு ஒரு புள்ளி, கைக்கு நாலு இழை. பக்கத்தில் இருக்கும் ஆளும் தூரத்தில் இருக்கும் ஆளும் ஒரே உயரம். நேற்று நடந்ததும் பத்து வருடத்துக்கு முன் நடந்ததும் ஒரே துணியில், ஒரே வெளிச்சத்தில். இதைப் பார்த்து ‘வெள்ளந்தியான பாணி’ என்று எழுதிய பாராட்டுகளில் எனக்கு உடன்பாடு இல்லை. மயிரளவு மடிப்புத் தைத்த கைகள் அவை. தூரமும் கிட்டமும் தெரியாமல் தைக்கவில்லை. நடந்து வந்த வழியைச் சொல்லும்போது எல்லா இடத்துக்கும் ஒரே அளவு இடம் தர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

விற்கும் வழியும் ஒரு கதை. அமெரிக்காவுக்கு முதலில் போன உறவினர்கள் மினசோட்டா, விஸ்கான்சின், கலிஃபோர்னியா மாநிலங்களில் சந்தைகளிலும் கைவினைக் கண்காட்சிகளிலும் கடை விரித்தார்கள். முகாமிலிருந்து துணி தபாலில் போகும், அங்கிருந்து பணம் வரும். ‘நீலம் போகிறது, சிவப்பு வேண்டாம், இந்த அளவில் அனுப்பு’ என்ற சேதியும் வரும்.

சோபாவுக்குப் பொருத்தமாக

பூத்துணியின் நிறங்கள் கண்ணைப் பறிப்பவை: அவுரிக் கருநீலத்தின்மேல் சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள். அமெரிக்க வரவேற்பறைச் சுவருக்கு இது அதிகமாகப் பட்டது. உதவி நிறுவனத்தாரும் விற்பவர்களும் சொல்லச் சொல்ல, நிறம் இறங்கியது. மங்கிய நீலம், மணல் நிறம், அரக்கு. போர்க்காட்சி இல்லாத, நெல் நடவும் கோழியும் பன்றியும் மட்டும் உள்ள ‘கிராமத் துணி’கள் பெருகின. மெத்தை உறையிலும் தலையணை உறையிலும் வீடு எரிவதை யார் வாங்குவார்கள்?

இந்த இடத்தில் எழுத வருகிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். சந்தை வந்து மரபைக் கெடுத்தது என்பார்கள் சிலர். இல்லை, இது மக்களின் தூய நினைவு என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவரின் கண்ணுக்காக வரைந்ததால் நெல் குத்துவது பொய்யாகிவிடாது. அதை வரைந்தவர் அந்த உலக்கையை மிதித்தவர். ஆனால் வாங்குகிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான், யாரும் உள்ளூரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத விஷயங்கள் துணிக்கு வந்தன. கோழிக்குத் தீனி போடுவதை எந்த மோங் பெண் இன்னொரு மோங் பெண்ணுக்குப் படம் போட்டுக் காட்டுவாள்? தெரியாத ஒருவருக்குச் சொல்ல நேர்ந்தபோதுதான் தினப்படி வேலை, ‘ஊர்’ என்ற காட்சியாக மாறியது. முகாமில் பிறந்து, மலையையே பார்க்காத பிள்ளைகளும் அந்தத் தெரியாதவர்களில் சேர்த்தி.

சில துணிகளில் ஆங்கில வரிகளும் தைத்திருக்கும். இவர்கள் சோளம் அரைக்கிறார்கள், இவர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள் என்ற மாதிரி. எழுத்துகள் சில இடத்தில் தலைகீழாகவும் சில இடத்தில் விடுபட்டும் இருக்கும். தைத்தவருக்கு அந்த எழுத்து தெரியாது. நத்தை ஓட்டைத் தைத்த மாதிரி அதையும் ஒரு வடிவமாகத் தைத்தார். பிழைகளைத் திருத்திக் கொடுத்த நல்லெண்ணக்காரர்கள் உண்டு. திருத்தாமல் விட்ட துணிகளே எனக்குப் பிடிக்கும்.

துணி சாட்சி சொல்லுமா

சில துணிகளில் விமானத்தின் அடியில் மஞ்சள் புள்ளிகள் தைத்திருக்கும். அதன் கீழே ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். 1975க்குப் பிறகு தங்கள்மீது நச்சுப்பொடி தூவப்பட்டது, தொட்டவர்கள் நோயுற்றுச் செத்தார்கள் என்று ஆற்றைத் தாண்டி வந்தவர்கள் சொன்னார்கள். 1981 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹேய்க், லாவோஸின் கம்யூனிஸ்டு அரசுக்குப் பின்னால் நின்ற சோவியத் தரப்பு பூஞ்சை நச்சைப் பயன்படுத்துகிறது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ‘மஞ்சள் மழை’ என்ற பெயர் உலகம் முழுக்கப் போயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழக உயிரியலாளர் மாத்யூ மெசல்சனும் உடன் ஆய்ந்தவர்களும் இலைகளில் இருந்த மஞ்சள் புள்ளிகளைச் சோதித்து, அது மகரந்தம் நிறைந்த தேனீக் கழிவு என்றார்கள். வழக்கு இன்றுவரை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும்படி தீரவில்லை.

துணி இதில் என்ன சொல்கிறது? மஞ்சள் புள்ளியின் வேதியியலைத் துணியிடம் கேட்பது தவறு. விமானம் வந்தது, வானத்திலிருந்து ஏதோ விழுந்தது, ஆட்கள் செத்தார்கள் என்று அது வரிசைப்படுத்துகிறது. காட்டில் ஒளிந்து, பசியோடும் நோயோடும் குண்டுக்கு நடுவே நடந்தவர்கள் எதனால் செத்தார்கள் என்பதைப் பிரித்துச் சொல்ல யாரிடமும் கருவி இருக்கவில்லை. ஆனால் செத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. கதைத்துணியை ஆவணமாகப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் போதும்.

கடல் தாண்டியபின்

பான் வினாய் 1992இல் மூடப்பட்டது. கொஞ்சம் பேர் வேறு முகாம்களுக்கு, கொஞ்சம் பேர் லாவோஸுக்கே திருப்பி. பெரும்பாலானவர்கள் அதற்குள் அமெரிக்காவில். இன்று அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மோங் மக்கள் இருக்கிறார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால், மினியாபொலிஸ் இரட்டை நகரப் பகுதியில்தான் நெருக்கம் அதிகம். இன்னொரு கிளை தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவுக்குப் போயிற்று. 1977இல் காட்டுக்கு நடுவே காக்காவோ என்ற ஊரை அமைத்துக் காய்கறி பயிரிட்டார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறியோடு கதைத்துணியும் விற்கிறது.

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே, நவீன வசதிகளை ஒதுக்கிப் பழைய முறையில் வாழும் கிறித்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தாரின் ஒட்டுத்துணிப் போர்வைகள் பெயர்பெற்றவை. 1980களில் தேவை கூடியபோது, துணிமேல் துணி வைத்து நுணுக்கமாகத் தைக்க ஆள் வேண்டியிருந்தது. குடியேறிய மோங் பெண்களுக்குத் தெரிந்ததும் அதுதான். ‘அசல் ஆமிஷ் போர்வை’ என்று சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போன பலவற்றில் மோங் விரல்களின் தையல் இருந்தது. இன்னொருவர் வீட்டு நினைவைத் தைத்துக் கொடுத்துத் தங்கள் வீட்டு வாடகையைக் கட்டினார்கள்.

கதைத்துணிக்கான சந்தை இப்போது மெலிந்துவிட்டது. தாய்லாந்தின் சியாங் மாயிலும் லாவோஸின் லுவாங் பிரபாங் இரவுச் சந்தையிலும் விற்பவை பெரும்பாலும் பயணிகளுக்கான கிராமத் துணிகள். அமெரிக்காவில் மூத்த பெண்களின் கண்பார்வை குறைந்தது, பேத்திகளுக்கு வேறு படிப்பு, வேறு வேலை.

பின்னோக்கிப் போகும் வழி

துணி புது வடிவம் என்று சொன்னேன். அதன் உள்ளே இருக்கும் வரிசை புதிது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் மோங் மக்களின் சாவுச் சடங்கு.

மோங் மொழியில் நஞ்சுக்கொடிக்குச் ‘சட்டை’ என்றே பெயர். மனிதன் போட்டுக்கொள்ளும் முதல் சட்டை அது. பிள்ளை பிறந்ததும் அதை வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள். ஆண்பிள்ளை என்றால் வீட்டின் நடுத்தூண் அடியில், பெண்பிள்ளை என்றால் பெற்றோரின் கட்டிலடியில். ஒருவர் இறந்தால், வழிகாட்டும் பாட்டு ஒன்றை அது தெரிந்தவர் சவத்தின் அருகே நின்று நெடுநேரம் பாடுவார். உயிர் தான் வாழ்ந்த ஒவ்வொரு ஊராகப் பின்னோக்கிப் போக வேண்டும். போகும் ஒவ்வொரு இடத்திலும் அங்கே குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் அந்த இடத்துத் தெய்வத்திடம் நன்றி சொல்லி, கடன் தீர்க்க வேண்டும். கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போய், புதைத்த அந்தச் சட்டையைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் முன்னோரிடம் போக முடியும்.

செயின்ட் பாலில் நடக்கும் மோங் சாவுச் சடங்குகள் பெரும்பாலும் வாரயிறுதியை ஒட்டி மூன்று நான்கு நாள் நீளும். அங்கேயும் இந்தப் பாட்டு உண்டு. உயிர் முதலில் மினசோட்டாவின் ஊர்களைத் தாண்ட வேண்டும். பிறகு விமானம், முகாம், மேகோங், காடு, மலை. கதைத்துணியை வலது கீழ் மூலையிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். அதே வழி. தைத்தவர்கள் இதை எண்ணித்தான் தைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழ்ந்த இடங்களை விடாமல் வரிசையாக நினைவில் வைத்திருப்பது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். ஒன்றை விட்டால் உயிருக்கு வழி தப்பிவிடும்.

பான் வினாய் இருந்த 17 ஆண்டுகளில் அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இப்போது அவர்கள் 30 வயதைத் தாண்டியவர்கள். வீட்டுச் சுவரில் அம்மா தைத்த துணி தொங்கினால், அம்மா விரல் வைத்து ‘நம்ம ஊர்’ என்று காட்டுவது இடது மேல் மூலையை. அவர்களுக்கான பாட்டோ ஆறுவரை போக வேண்டியதே இல்லை. தாய்லாந்துக் கரையில், தைக்கச் சலிப்பாக இருக்கிற அந்த ஒரேமாதிரி நீளக் கொட்டகைகளுக்கு நடுவே அது நின்றுவிடும்.